மாடியில் காயும் வேட்டியும் மேப்பில் போட்ட பெயரும்

காரைக்குடிப் பக்கம் பதினான்கு வருடமாக நில அளவை வேலை பார்க்கிறேன். டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்பது பாதி வேலை. ஆபீசில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தின் மேல் எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தைப் பொருத்திப் பார்ப்பது மீதி. அதனாலோ என்னவோ, யார் வீட்டுக்கு அளக்கப் போனாலும் காபி வரும்போது கூடவே ஒரு கேள்வியும் வரும்: "தம்பி, நாம மாடியில நிக்கிறதுகூட அதுல தெரியுமாமே, நிஜமா?"

யாரென்று தெரியாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயம் தேவையில்லாத இடத்தில் நிறையச் செலவாகிறது.

கூகுள் மேப்பில் நாம் பார்க்கும் தெளிவான படங்களில் பல, தனியார் நிறுவனங்களின் செயற்கைக்கோள்கள் எடுத்தவை. அவற்றில் பேர் பெற்ற வேர்ல்ட்வியூ-3, 2014-இல் மேலே போனது. தரையில் 31 செ.மீ. அகலத்தை ஒரு புள்ளியாகப் பதியும். 2019-இல் இஸ்ரோ அனுப்பிய கார்ட்டோசாட்-3 இன்னும் கொஞ்சம் கூர்மை, 25 செ.மீ. சரி, ஓர் அடி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் பதித்த ஓரடி டைல்ஸ் ஒன்று, படத்தில் ஒரே ஒரு புள்ளி. மாடியில் வடாம் பிழிய விரித்த எட்டு முழ வேட்டி பன்னிரண்டு புள்ளி நீளத்துக்கும் நாலு புள்ளி அகலத்துக்கும் வெள்ளையாகத் தெரியும், வடாம் தெரியாது. காக்காய் விரட்ட உட்கார்ந்திருக்கும் ஆள் இரண்டு மூன்று புள்ளி, பக்கத்தில் ஒரு நிழல். அது அத்தையா மாமாவா என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. அதோடு அது இன்றைக்கு எடுத்த படமும் இல்லை; ஒரு வருடம், இரண்டு வருடம், எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அதைவிடப் பழையதும் உண்டு. நேரலையில் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது சினிமாவில் வருவது.

கூகுள் எர்த் 2005 ஜூனில் வந்தது. அதே வருடம் அக்டோபரில் ஹைதராபாத்தில் காவல்துறை அதிகாரிகள் முன்னால் பேசிய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், இப்படிப்பட்ட படங்கள் பயங்கரவாதிகள் கைக்குப் போகும் ஆபத்தைப் பற்றி எச்சரித்தார். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, கூகுள் எர்த்தைத் தடை செய்யக் கோரி பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கே போட்டார்கள். அந்தக் கவலை அணுமின் நிலையம், ராணுவ முகாம் பற்றியது. அதைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் இருக்கிறது. உங்கள் வீட்டைப் பற்றிய கவலையை நீங்கள்தான் படவேண்டும், அது வேறு மாதிரி வருகிறது. எனக்கு அது உறைத்தது ஒரு டீச்சர் வீட்டில்.

ஓய்வுபெற்றவர், கணவர் இல்லை, ஊர்க் கடைசியில் தனி வீடு. பக்கத்து மனைக்காரரோடு எல்லைத் தகராறு என்று கூப்பிட்டிருந்தார். அளந்து முடித்துவிட்டு, விளங்கட்டும் என்று போனில் மேப்பைத் திறந்து அவர் வீட்டைக் காட்டினேன். மாடி, கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, சோலார் பேனல், கொல்லையில் வேப்பமரத்தின் வட்டம். டீச்சர் முகம் மாறிவிட்டது. "இதை அழிக்கச் சொல்ல முடியாதா தம்பி?" என்றார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது மாடியை அல்ல. மாடிக்கு மேல் ஒரு சிவப்புக் குறி, அதில் அவருடைய முழுப் பெயர், பின்னால் "டீச்சர் வீடு". தொட்டால் அவரது செல் நம்பர். அதன் கீழே மூன்று போட்டோ. ஒன்றில் கேட், ஒன்றில் வாசலில் பொங்கல் கோலம், ஒன்றில் வரவேற்பறை, ஜன்னல் கம்பி உட்பட. ஐந்து நட்சத்திரம் கொடுத்து "ஸ்வீட் ஹோம்" என்று ஒரு விமர்சனம். எல்லாம் கூரியர்காரன் வழி தெரியாமல் அலைகிறானே என்று அக்கா மகன் இரண்டு வருடத்துக்கு முன் பாசமாகச் செய்துவிட்டுப் போனது. இதற்கெல்லாம் மேலே ஒன்று. டீச்சர் மகனைப் பார்க்க அமெரிக்கா போய் நாலு மாதம் இருந்த சமயத்தில், பூட்டிக் கிடந்த வீட்டைப் பார்த்த எந்தப் புண்ணியவானோ திருத்தம் அனுப்பியிருக்கிறார். "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது" என்று மேப்பே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

நல்லவேளை, களவு ஏதும் போகவில்லை.

இது அவர் ஒருத்தர் கதை இல்லை. நம் ஊர்த் தெரு எதையாவது மேப்பில் பெரிதாக்கிப் பாருங்கள். டீக்கடைக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் நடுவில் "முருகன் இல்லம்", "அப்பா வீடு", "மை ஸ்வீட் ஹோம்" என்று வரிசையாக நிற்கும். மேப்பில் ஓர் இடத்தை உங்களுக்கு மட்டும் தெரியும்படி "வீடு" என்று சேமிப்பது ஒன்று. மேப்பில் இல்லாத இடத்தைச் சேர்க்கிறேன் என்று பதிவது வேறு, அது உலகத்துக்கே. இரண்டுக்கும் பொத்தான் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் பலருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னது உண்மை, 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் உண்மை. ஆனால் தன் விவரத்தைத் தானே பொதுவில் வைத்தவருக்கு அந்த விவரத்தைப் பொறுத்தவரை அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நம் கையால் நாமே ஒட்டிய போஸ்டரை யார் படித்தார்கள் என்று கேட்டுப் பயனில்லை.

அடுத்தது நிலம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், என் பிழைப்பே இதில் இருப்பதால் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

ஒரு காலி மனையை மேப்பில் பார்க்கிறீர்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடத்துப் படங்களைப் பின்னால் தள்ளிப் பார்க்கும் வசதி உண்டு. 2012-இல் வெறும் செம்மண். 2016-இல் ஓரத்தில் பச்சைத் திட்டு. 2021-இல் மனை முழுக்கச் சீமைக்கருவேலம். அதாவது இந்த நிலத்துக்கு உடையவர் பல வருடமாக வரவில்லை. அரசின் நிலவரைபடத் தளத்தில் அந்த இடத்தைத் தொட்டால் சர்வே எண்ணும் உட்பிரிவும் வரும். அந்த எண்ணை வைத்துப் பட்டா பார்த்தால் பெயரும் தகப்பனார் பெயரும் வரும். ஈ.சி. என்கிற வில்லங்கச் சான்றைக் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம், கடைசியாக எப்போது கைமாறியது என்பது அதில் இருக்கும். நிலத்தை வளைக்க நினைக்கிற ஒரு ஆள், கையில் காபி ஆறுவதற்குள் எந்த நிலம், யாருடையது, எத்தனை வருடமாகக் கேட்பாரில்லை என்று மூன்றையும் தெரிந்துகொண்டுவிடுவான். முன்பெல்லாம் இதற்கு வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் ஒரு வாரம் நிற்கவேண்டும், ஊரில் நாலு பேரிடம் விசாரிக்கவேண்டும், விசாரிக்கும்போதே யாராவது ஒருத்தர் உடையவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார்.

இந்த விவரங்களை எல்லாம் மூடி வைக்கச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. பட்டா ஆன்லைனில் வந்ததால் எத்தனை பேர் மோசடியிலிருந்து தப்பித்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்லதுதான், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போதுதான் வேறொன்றாகிறது. எங்கள் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். தெருவிலிருந்து பார்த்தால் பெரிய கதவும் பூட்டும் மட்டும்தான் தெரியும், உள்ளே ஆள் இருக்கிறாரா என்று சொல்ல முடியாது. மேலிருந்து பார்த்தால் வளவு, அதாவது உள்முற்றம், தெரியும், இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து கிடப்பது தெரியும், அந்த ஓட்டை வருடா வருடம் பெரிதாகிக்கொண்டு போவதும் தெரியும். நூறு வருடம் அந்தக் கதவு காத்த ரகசியம்.

வெளியூரில் இருப்பவர்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். நிலத்தை வளைக்க நினைக்கிறவன் பார்க்கிற அதே வழியில் நீங்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஈ.சி. போட்டுப் பாருங்கள், மேப்பில் புதிதாக வேலி, ஷெட் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை கருவேலத்தை வெட்டி, நாலு மூலையிலும் எல்லைக்கல் நிற்கிறதா என்று ஆளை விட்டுப் பார்த்துவிட்டால், படத்தில் பார்க்கிறவனுக்கும் அது தெரியும். பழைய படம் உங்கள் பக்கமும் சாட்சி சொல்லும் என்பதை மறக்கவேண்டாம்; எந்த வருடத்தில் சுவர் வந்தது என்பதற்கு, முறையான சான்றிதழோடு கொடுத்தால், நீதிமன்றத்தில் அதைக் காட்டலாம். டீச்சர் எல்லைத் தகராறில்கூட அதுதான் உதவியது.

வரி அதிகாரிகளும் சும்மா இருப்பதில்லை. கிரீஸில் ஏதென்ஸின் வடக்குப் புறநகர்களில் நீச்சல் குளம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டவர்கள் 324 பேர். செயற்கைக்கோள் படத்தில் எண்ணிய குளங்கள் 16,974. இங்கே குளத்துக்குப் பதில் மூன்றாவது மாடியும் தகரக் கொட்டகையும். நிழலின் நீளத்தை வைத்தே கட்டடத்தின் உயரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம் என்று சொன்னால் சிலருக்கு வேர்க்கிறது. அது அந்தரங்கப் பிரச்சினையா என்று என்னைக் கேட்டால் சிரிப்பேன்.

உண்மையான அந்தரங்கப் பிரச்சினை ஒன்று என் கையாலேயே நடந்தது. ட்ரோன் வாங்கிய புதிது. 60 மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டு ஒரு கிராம நத்தத்தை, அதாவது குடியிருப்புப் பகுதியை, படம் எடுத்தேன். அந்த உயரத்தில் ஒரு புள்ளி சுமார் இரண்டு செ.மீ., செயற்கைக்கோளின் ஓரடி எங்கே, இது எங்கே. ராத்திரி ஆபீசில் படங்களை ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு கொல்லைப்புறம் வந்தது. மேலே கூரை இல்லாத கீற்று மறைப்பு, கிராமத்தில் குளிக்கிற இடம் அப்படித்தான் இருக்கும், நாலு பக்கமும் மறைத்தால் போதும் என்று கட்டியது. உள்ளே ஆள் இருந்தார். அந்தப் படத்தையும் முன்னும் பின்னும் எடுத்ததையும் அழித்தேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது முந்தின நாளே வீடு வீடாகப் போய், இன்ன நேரம் பறக்கும், சத்தம் கேட்டால் மேலே பாருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறேன். உங்கள் தெருவில் யாராவது ட்ரோன் விட்டால், கல்யாண வீடியோக்காரர் ஆனாலும் சரி, யார், எதற்கு, படம் எங்கே போகும் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

தெருவில் வரும் கேமரா காரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் பல வருடம் அனுமதி மறுக்கப்பட்டு, 2022 ஜூலையில் சென்னை உட்படப் பத்து நகரங்களில் கூகுள் ஸ்ட்ரீட் வியூ வந்தது. கேமரா காரின் கூரைக்கு மேல் நிற்பதால், ஐந்தடி காம்பவுண்டு அதற்குச் சுவரே இல்லை. முகத்தையும் வண்டி நம்பரையும் தானாகவே மங்கலாக்கிவிடும். வீட்டையும் மங்கலாக்கச் சொல்லி நீங்கள் கேட்கலாம், ஒருமுறை செய்தால் திரும்ப எடுக்க முடியாது. செய்யலாமா? ஜெர்மனியில் 2010-இல் சுமார் 2,44,000 வீட்டுக்காரர்கள் மங்கலாக்கச் சொன்னார்கள். எசன் நகரத்தில் அப்படி மறைத்த சில வீடுகளைத் தேடிப்போய் முட்டை எறிந்தார்கள். அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் கதை இன்னும் மோசம். கலிபோர்னியாக் கடற்கரை அரிப்பைப் பதிவு செய்ய எடுத்த 12,000 படங்களில் ஒன்றில் அவர் வீடு இருந்தது. 2003-இல் 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்குக்கு முன்னால் அந்தப் படம் இறக்கப்பட்டது ஆறு தடவை, அதிலும் இரண்டு தடவை அவருடைய வக்கீல்கள். வழக்குச் செய்தி வந்த ஒரு மாதத்தில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தளத்துக்குப் போனார்கள். வழக்கும் தள்ளுபடி. தெருவில் உள்ள நாற்பது வீட்டில் ஒன்று மட்டும் மங்கலாக இருந்தால் முதலில் கண் எங்கே போகும் என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள். மிரட்டல், பின்தொடர்தல் என்று நிஜமான காரணம் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், உடனே கேளுங்கள்.

டீச்சர் வீட்டு மாடியை அழிக்க முடியாது. தனி ஆள் கேட்டுச் செயற்கைக்கோள் படத்தை மறைக்க கூகுளில் வழி இல்லை. அந்தக் குறியை எடுக்க வழி உண்டு. திருத்தம் அனுப்பும் இடத்தில், இது பொதுமக்களுக்கான இடம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி நீக்கக் கேட்டோம். போட்டோக்களை அக்கா மகனே தன் கணக்கில் போய் அழித்தான், "நான் நல்லதுக்குத்தானே சித்தி செஞ்சேன்" என்று போனில் நாலு தடவை சொன்னான். சில நாளில் குறி போய்விட்டது. கூரியருக்கு என்ன செய்வது? அஞ்சல் துறை 2025-இல் கொண்டுவந்த டிஜிபின் இருக்கிறது. நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டத்துக்கு ஒரு பத்து எழுத்துக் குறியீடு, அதில் பெயரும் கிடையாது நம்பரும் கிடையாது, வேண்டியவருக்கு மட்டும் அனுப்பலாம். டீச்சருக்கு அதை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன். போன வாரம் போனபோது பார்த்தேன், அட்டை பிரிட்ஜ் மேல் இருக்கிறது. கூரியர் பையன் கூப்பிட்டான். "வேப்பமரம் தெரியுதாப்பா? அதுக்கு நேரா வா" என்று சொல்லிவிட்டு டீச்சர் கேட்டைத் திறக்கப் போனார்.