ஓக் இலையைத் தின்னும் ஆறு

இலையுதிர் காலத்தில் ஆற்றங்கரை ஓக் காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். நான் குனிந்து பார்க்கச் சொல்வேன். கரையோரக் கல்லிடுக்கில் ஊறிக் கிடக்கும் பழுப்பு இலைகளிடம்தான் விஷயம் இருக்கிறது.

இலையை மரமே கழற்றிவிடுகிறது. காற்று கடைசியாக ஒரு தட்டு தட்டுகிறது, அவ்வளவுதான். பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தை உடைத்து, இலையிலுள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய பாதியைக் கிளைக்குள் இழுத்துக்கொள்ளும். அப்புறம் காம்பின் அடியில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று தளர்ந்து பிரியும். அந்த வடுவைத் தக்கை போன்ற படலம் மூடிவிடும். இலையில் மிஞ்சும் பழுப்புக்குப் பெரிதும் காரணம் டானின். தேநீரில் துவர்க்கிறதே, அதே வகைப் பொருள்.

சரி, தண்ணீரில் விழுந்த இலை என்னாகும்? முதல் ஓரிரு நாளில் சர்க்கரையும் கொஞ்சம் டானினும் கரைந்து வெளியேறும். இலை நிறைந்த குட்டை கட்டன் சாயா நிறத்துக்கு வருவது இதனால்தான். அடுத்து பூஞ்சைகள் குடியேறும். ஓடும் நீரில் அழுகும் இலைகளில் வாழும் இந்தக் கூட்டத்தை 1942-இல் விரிவாக விவரித்தவர் இங்கிலாந்தில் பணியாற்றிய பூஞ்சையியல் அறிஞர் இங்கோல்ட். இவற்றில் பலவற்றின் ஸ்போர்களுக்கு, அதாவது விதை போலப் பரவும் நுண்துகள்களுக்கு, நான்கு கைகள். நீரோட்டம் அடித்துப் போகாமல் இலையைப் பற்றிக்கொள்ள அந்த வடிவம் உதவுகிறது. ஓடையில் ஒதுங்கும் நுரையில் ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் இவை குவிந்திருப்பதைப் பார்க்கலாம். நுரை என்றாலே அழுக்கு என்று முகம் சுளிக்கிறோம், பாவம்.

பூஞ்சை ஊடுருவி மென்மையாக்கிய இலையைத்தான் நீர்ப்புழுக்கள் விரும்பும். நீரில் வளர்ந்து பிறகு பறக்கும் காடிஸ் பூச்சியின் புழுக்களும் இறால் போன்ற சின்னஞ்சிறு உயிரிகளும் நரம்பை விட்டுவிட்டுச் சதையை மட்டும் சுரண்டித் தின்னும். கடைசியில் வலை மாதிரி ஓர் எலும்புக்கூடுதான் மிஞ்சும்.

எல்லா இலையும் ஒரே வேகத்தில் தீர்வதில்லை. கரையில் பக்கத்திலேயே நிற்கும் ஆல்டர் மரத்தின் இலை சில வாரங்களில் கந்தலாகிவிடும். ஓக் இலையில் டானினோடு, மரத்துக்குக் கடினம் தரும் லிக்னினும் உண்டு, சுலபத்தில் மசியாது. ஆல்டர் தீர்ந்த பிறகும், குளிர்காலம் தாண்டியும், ஆற்றின் அடியில் ஓக் இலை கிடக்கும்.

வசந்தத்தில் அதே இடத்துக்குப் போய் ஒரு கருத்த இலைக்கொத்தைக் கையில் அள்ளுங்கள். குப்பை என்று தூக்கிப் போட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். இலைத்துண்டுகளை வெட்டி ஒட்டிக் கூடு கட்டிய காடிஸ் புழு ஒன்று தலையை நீட்டி, கூட்டையும் இழுத்துக்கொண்டு உங்கள் உள்ளங்கையில் நடக்கும்.