பிள்ளைகள் கூடிவிட்டார்கள், அறை போதவில்லை: சென்னைப் பள்ளிகளில் பழுது பார்ப்பதும் கூடுதல் வகுப்பறை கேட்பதும்

"மழைக்கு ஒழுகுகிறது, இரண்டு வகுப்பறையும் கூடுதலாக வேண்டும்" என்று ஒரே மனுவில் எழுதிக் கொடுப்பது பள்ளிகளில் வழக்கம். அந்த மனு நகராமல் கிடப்பதற்கு அதுவே பாதிக் காரணம். பழுதுக்கு ஒரு கோப்பு, கூடுதல் வகுப்பறைக்கு வேறொரு கோப்பு. முதலாவது பொறியாளரின் எஸ்டிமேட்டை வைத்து நகரும். இரண்டாவது எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில், ஏறியிருக்கும் மாணவர் எண்ணிக்கையையும் ஆசிரியர் பணியிடத்தையும் வைத்து நகரும். பணம் வரும் வழியும் வேறு வேறு. ஆகவே மனுவையும் இரண்டாகவே எழுதுங்கள்.

அதற்கு முன் கட்டடம் யாருடையது என்று தெளிவாக வேண்டும். மாநகராட்சிப் பள்ளி என்றால் மண்டல அலுவலகப் பொறியாளரும் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையும் பொறுப்பு. பள்ளிக் கல்வித் துறையின் கீழ் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பொதுப்பணித் துறை. விரிவாக்கப் பகுதிகளில் இருந்த 139 பள்ளிகள் 2022இல் மாநகராட்சி வசம் வந்தன. அப்படி வந்த பள்ளி என்றால், இடத்தின் பதிவேடு இன்னும் பழைய ஊராட்சி ஒன்றியத்தின் பெயரிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டெண்டர் வரை போன வேலைகூட இந்த ஒரு தாளுக்காக நின்றுவிடும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு. 1965ஆம் ஆண்டுப் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி உறுதிச் சான்றும் உரிமமும் அவர்களே வாங்க வேண்டும்.

கேட்பதற்கான உரிமை எங்கிருந்து வருகிறது? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலிருந்து. ஆசிரியர் ஒருவருக்குக் குறைந்தது ஒரு வகுப்பறை, தலைமை ஆசிரியர் அறையும் அலுவலகமும் பொருள் வைப்பறையும் சேர்ந்த ஓர் அறை, தடையில்லாத நடைபாதை, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிவறை, குடிநீர், சமையற்கூடம், விளையாட்டிடம், சுற்றுச்சுவர் என எல்லாம் அதில் இருக்கின்றன. அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுக்கிறது. மூன்றாண்டுக்கான அந்தத் திட்டத்தில் ஆண்டுவாரியாக, வகுப்புவாரியாக வரப்போகும் மாணவர் எண்ணிக்கையை எழுத வேண்டும். இந்தப் பக்கத்தைத்தான் பெரும்பாலான பள்ளிகள் போகிற போக்கில் நிரப்புகின்றன. கூடுதல் அறைக்கான வாதம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை 46, 38, 36, 35, 37 என மொத்தம் 192 பேர். அறைக்கு 40 பேர் என்று வைத்தால் ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் இரண்டு பிரிவு. ஆக ஆறு அறை. அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் 58 பேர் சேர்ந்தால் 58, 46, 38, 36, 35. மொத்தம் 213, அறை ஏழு. அதற்கடுத்த ஆண்டும் 58 பேரே சேர்ந்தால் 58, 58, 46, 38, 36. மொத்தம் 236, அறை எட்டு. மொத்தத்தை 40ஆல் வகுத்துப் பார்க்கிறவருக்கு 236 பேருக்கு ஆறு அறை போதும் என்றுதான் தோன்றும். பிரிவுவாரியாகப் போட்டால்தான் எட்டு என்று தெரியும். மூன்றாம் வகுப்பில் மிஞ்சும் ஆறு பிள்ளைகளை ஐந்தாம் வகுப்போடு உட்கார வைக்க முடியாதல்லவா?

இதில் ஒரு சிக்கல் உண்டு. 200 பேரைத் தாண்டிய தொடக்கப் பள்ளிக்குச் சட்ட அட்டவணை சொல்லும் குறைந்தபட்சம், தலைமை ஆசிரியரைச் சேர்க்காமல் 40 பேருக்கு ஓர் ஆசிரியர். 236 பேருக்கு ஆறு ஆசிரியர்தான் வரும். ஆசிரியர் ஆறு என்றால் எட்டு அறை எதற்கு என்று கேள்வி எழும். ஆகஸ்ட் 1 எண்ணிக்கையை வைத்துப் பணியிட நிர்ணயம் நடக்கும்போதே, கூடுதல் ஆசிரியர் கோரிக்கையையும் கூடுதல் அறைக் கோரிக்கையையும் ஒரே எண்ணிக்கையோடு அனுப்புங்கள். இரண்டு தாளில் இரண்டு எண் இருந்தால் இரண்டுமே திரும்பி வரும்.

இன்னொரு பொறி, பள்ளி விவரங்களை ஆண்டுதோறும் மத்திய அரசுக்காகத் திரட்டும் யுடைஸ் படிவம். வகுப்பறை ஒவ்வொன்றும் நல்ல நிலையா, சிறு பழுதா, பெரும் பழுதா என்று அதில் கேட்பார்கள். பழக்கத்தில் எல்லாவற்றையும் "நல்ல நிலை" என்று நிரப்பிவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கூரை பெயர்ந்து விழுகிறது என்று மனு கொடுத்தால், பதிவில் நல்ல நிலைதானே என்று பதில் வரும். ஹைடெக் ஆய்வகமாகவோ, புத்தகக் கிடங்காகவோ, அங்கன்வாடியாகவோ மாறிப்போன அறையும் பல பதிவுகளில் வகுப்பறையாகவே நிற்கிறது. அதைத் திருத்தாதவரை பள்ளிக்கு அறைத் தட்டுப்பாடு என்பது தாளில் தெரியாது.

இனிப் பழுது. சென்னையில் கட்டடத்தைக் கெடுப்பவை இரண்டு: வடகிழக்குப் பருவமழையும் உப்புக் காற்றும். திருவொற்றியூர், ராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் சன்ஷேடும் படிக்கட்டின் அடிப்புறமும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். கம்பி போகும் கோட்டிலேயே நேராக விரிசல் ஓடி, பழுப்பு நிறக் கறையும் இறங்கியிருந்தால் உள்ளே துரு. துருப்பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டைத் தள்ளுகிறது. சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல இடத்தில் 'டங்' என்று கேட்கும், பெயர்ந்த இடத்தில் பொத்தென்று கேட்கும். எங்கெல்லாம் பொத்தென்று கேட்கிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுப் படம் எடுத்து மனுவோடு வையுங்கள். தட்டும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது.

அந்த இடத்தில் சிமென்ட் பூசி வெள்ளையடிப்பது பழுதை மறைப்பது மட்டுமே. முட்டுக் கொடுத்து, கம்பியின் பின்பக்கம் வரை கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கம்பி மெலிந்திருந்தால் புதுக்கம்பி சேர்த்து, துரு தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையை அடுக்கடுக்காகப் பூசி, தண்ணீர் ஊற்றி ஆறவைக்க வேண்டும். எஸ்டிமேட்டில் இந்த வரிகள் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். "பூச்சு வேலை, இத்தனை சதுர மீட்டர்" என்று ஒரே வரியாக இருந்தால் அடுத்த மழைக்கு அதே இடம் விழும்.

மொட்டை மாடியில் நடக்கும் தவறு வேறு. பழைய தட்டோட்டையும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளத்தையும் எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகப் போடுவார்கள், கொத்தி எடுக்கும் கூலி மிச்சம். இருபதுக்கு இருபது அடி அறையின் மேல் மூன்று அங்குலத் தளம் என்றால் ஐந்து டன் எடை. ஏற்கெனவே துருவேறிய கூரை அதைத் தாங்க வேண்டும். மழைநீர்க் குழாயின் வாய் புதுத் தளத்தைவிட உயர்ந்து போய்த் தண்ணீர் தேங்குவதும் இதனால்தான். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடங்களில், உத்திரம் சுவருக்குள் போகும் முனையைக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கரையானும் ஈரமும் அங்கேதான் வேலை செய்யும்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வகுப்பறையை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் ஆய்வு போதாது. கழிவறைத் தடுப்புச் சுவர், கைப்பிடிச் சுவர், சுற்றுச்சுவர் எல்லாம் பட்டியலில் வர வேண்டும்.

இடம் இல்லாத சென்னைப் பள்ளிகளில் கடைசியில் மேலே கட்டலாம் என்பார்கள். அஸ்திவாரம் எத்தனை மாடிக்குப் போடப்பட்டது என்ற வரைபடம் இல்லாமல், கான்கிரீட் வலிமைச் சோதனை இல்லாமல் மேல்மாடிக்குச் சம்மதிக்காதீர்கள். புது அறை கேட்கும்போது கூடவே கேட்க வேண்டியவை: 40 பேருக்கு ஒரு கழிவறையும் மூன்று சிறுநீர்க் கோப்பையும் என்ற அளவில் கழிவறை, அதற்குத் தண்ணீர்த் தொட்டி, மின் இணைப்பின் கூடுதல் சுமை, மேசை பெஞ்சு. சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இரண்டடி உயரத் தரை என்றால் 24 அடி. வாசலில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று வரைபடத்திலேயே பாருங்கள்.

பணத்துக்கு வருவோம். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 101 முதல் 250 பேர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.50,000, 251 முதல் 1,000 வரை ரூ.75,000. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்கு. தாழ்ப்பாள், குழாய், சுவிட்ச் பலகைக்கு ஆகும், கூரைக்கு ஆகாது. பெரிய வேலைக்கு மாநகராட்சியின் மூலதன நிதி, பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆகியவை இருக்கின்றன. முன்னாள் மாணவர்களோ நிறுவனங்களோ தர முன்வந்தால் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி' வழியே வாங்குங்கள். கையில் வாங்கிச் செலவு செய்தால் பின்னால் தணிக்கையில் தலைமை ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நேரக் கணக்கு இப்படி: மேலாண்மைக் குழுத் தீர்மானம் டிசம்பருக்குள், எஸ்டிமேட் பிப்ரவரிக்குள். ரூ.2 கோடி வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஏப்ரலில் வேலை ஆணை கிடைத்தால் மே விடுமுறையில் இடிப்பும் சத்தமான வேலையும் முடியும். தேர்தல் நடத்தை விதி வந்தால் புது டெண்டர் நின்றுவிடும்; அந்த ஆண்டுகளில் எல்லாவற்றையும் இரண்டு மாதம் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். எப்படியும் கூரை வேலை செப்டம்பருக்குள் முடிந்தாக வேண்டும்.

வேலை முடிந்ததும் கடைசி பில்லுக்குக் கையெழுத்துப் போடும் முன், மழைநீர்க் குழாய்களின் வாயைத் துணியால் அடைத்து மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடச் சொல்லுங்கள். மறுநாள் காலை கீழே வகுப்பறையில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரத் திட்டு தெரிந்தால் ஒப்பந்ததாரரை அழைத்துக் காட்டி, செய்த வேலையைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டுத்தான் மற்றது.