வரையும்போது தெரியும் இலை

ஒரு தாளை எடுத்து, எதையும் பார்க்காமல் நினைவிலிருந்து ஓர் இலையை வரையுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் வரும்: இரு முனையும் கூரான நீள்வட்டம், நடுவில் ஒரு கோடு, அதிலிருந்து இருபுறமும் சரிசமமாகப் பிரியும் சின்னக் கோடுகள். அப்புறம் ஓர் உண்மையான இலையை எடுத்து அருகில் வையுங்கள். நடுநரம்பின் இரு பக்கமும் அகலம் ஒன்றாக இருக்காது. பல இலைகளில் கிளைநரம்புகள் எதிரெதிரே பிரியாமல் மாறி மாறிப் பிரியும். சில இலைகளில் அவை விளிம்பு வரை ஓடும். சிலவற்றில் விளிம்புக்குச் சற்று முன்பே வளைந்து அடுத்த நரம்போடு சேர்ந்துகொள்ளும். எத்தனையோ ஆயிரம் முறை பார்த்த பொருள்தான். நாம் வரைந்ததோ, ‘இலை’ என்ற சொல்லுக்காக மூளை எடுத்து வைத்திருக்கும் ஓர் அடையாளக்குறி.

இதற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. 1979-இல் ரேமண்ட் நிக்கர்சன், மேரிலின் ஆடம்ஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், அமெரிக்கர்கள் அன்றாடம் புழங்கும் ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பெரும்பாலோரால் அதன் முக்கிய அம்சங்களில் பாதியைக்கூடச் சரியான இடத்தில் வைக்க முடியவில்லை. காசைச் செலவழிக்க அதன் நிறமும் அளவும் தெரிந்தால் போதும்; மீதியை மூளை சேமித்து வைப்பதில்லை. மரம் செடிகளுக்கும் இதே கதிதான். ‘ஏதோ ஒரு செடி’ என்று தெரிந்த உடனே கண் அடுத்ததற்குப் போய்விடுகிறது.

கண்ணின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்ற சின்னஞ்சிறு குழி இருக்கிறது. ஒளியையும் நிறத்தையும் உணரும் கூம்பு செல்கள் மிக நெருக்கமாக அடுக்கியிருப்பது அங்கேதான். கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஒரு நேரத்தில் நமக்குக் கூர்மையாகத் தெரியும் பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான், சுற்றியுள்ளதெல்லாம் மங்கல். அது நமக்கு உறைக்காததற்குக் காரணம், கண் நொடிக்கு மூன்று முறை போல இடம் தாவிக்கொண்டே இருப்பதும், பார்க்காமல் விட்ட இடங்களை மூளை தன் ஊகத்தால் நிரப்பிக்கொள்வதும்தான்.

பென்சில் வந்ததும் அந்த ஊகம் உதவாமல் போகிறது. கோடு என்றால் அது எங்கேயோ தொடங்க வேண்டும், ஏதோ ஒரு கோணத்தில் சாய வேண்டும். இந்த நரம்பு எந்தக் கோணத்தில் பிரிகிறது? மூளையின் அடையாளக்குறியிடம் அதற்கு விடை கிடையாது. அதனால் கண் திரும்பிப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். பார்த்ததைக் கை தாளில் வைக்கிறது, வைத்தது பொருந்தவில்லை, மறுபடியும் கண் போகிறது. வரையும் ஓவியரின் கண்ணசைவை அளந்து பார்த்த ஆய்வில், பார்வை வழக்கம்போலத் தாவித் திரியாமல் ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளியில் சற்று அதிக நேரம் நிற்பது தெரிந்தது. வரையும்போது நடப்பதன் உயிர்நாடியே இந்தத் திரும்பத் திரும்பப் பார்த்தல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. படம் அழகாக வந்ததா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு மரியா சிபில்லா மெரியனை நினைத்துப் பார்க்கலாம். 1647-இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் பிறந்த ஓவியர். சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் பூச்சிகள் தாமாகவே உண்டாகின்றன என்று பலரும் நம்பிய காலத்தில், 13 வயதிலேயே பட்டுப்புழுக்களைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கிவிட்டார். ஒரு புழுவை முட்டையிலிருந்து சிறகு முளைப்பது வரை வரைய வேண்டுமானால் அதை உயிரோடு வளர்க்க வேண்டும். வளர்ப்பதற்கு அது எந்தச் செடியைத் தின்னும் என்று தெரிய வேண்டும். அப்படித்தான் அந்தச் செடியும் அவருடைய படத்துக்குள் வந்தது. 1699-இல், 52 வயதில், மகளை அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். 1705-இல் வெளிவந்த அவருடைய சுரினாம் பூச்சிகள் நூலில் புழு, கூட்டுப்புழு, சிறகு விரித்த பூச்சி, அது வாழும் செடி எல்லாம் ஒரே பக்கத்தில் சேர்ந்து நிற்கின்றன. இப்படி உயிர்களைச் சூழலோடு சேர்த்துப் பார்க்கும் சூழலியலைக் குறிக்கும் ‘எக்காலஜி’ என்ற சொல்லை ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கெல் உருவாக்கியது 1866-இல்தான்!

சரி, கைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதாதா? அருங்காட்சியகப் பொருள்களை வைத்து உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. முழுப் பொருளையும் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவிருந்தது. ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தபோது அந்தச் சரிவு இல்லை. வரைதலின் பலன் இதற்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நடந்து 2016-இல் வெளியான சோதனைகளில், சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதியதைவிட அவற்றுக்குப் படம் வரைந்தபோது நன்றாக நினைவில் நின்றன. கண் கண்டது, கை செய்தது, மனம் பொருள் கொண்டது என ஒரே விஷயத்துக்கு மூன்று தடங்கள் பதிவதுதான் காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

நினைவு மட்டும் நெருக்கம் ஆகிவிடாது. இங்கிலாந்தின் டெர்பி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல், இயற்கையோடு நெருக்கத்தை வளர்ப்பவை எவை என்று தேடினார்கள். புலன்வழித் தொடர்பு, அழகு, உணர்வு, அர்த்தம், பரிவு ஆகிய ஐந்தும் தேறின. தகவலறிவு அந்த வரிசையில் வரவில்லை. மரத்தின் பெயரைத் தெரிந்துகொள்வதை மட்டும் சொல்லித்தரும் பாடங்கள் ஏன் மனதில் ஒட்டுவதில்லை என்பது இதில் எனக்குப் புரிந்தது. வரைபவர் உட்கார்ந்து, தொட்டு, திருப்பிப் பார்த்து, நரம்பின் வளைவில் மனம் லயித்துப் போகிறாரே, அந்தக் கால் மணி நேரத்துக்குள் இந்த ஐந்தில் பலவும் வந்துவிடுகின்றன.

வரையத் தெரியாதே என்று தயங்குபவர்களுக்கு ஒரு வழி உண்டு. தாளைப் பார்க்காமல் வரையுங்கள். கண் இலையின் விளிம்பில் எறும்புபோல் ஊர்ந்து போகட்டும், பென்சில் அதே வேகத்தில் தாளில் நகரட்டும். படம் கோணலாகத்தான் வரும். ஆனால் பூச்சி கடித்த ஓட்டை ஒன்றை உங்கள் கண் தவறவிடாது. அந்த ஓட்டையைச் சுற்றிப் பெரும்பாலும் ஒரு மெல்லிய பழுப்புக் கோடு இருக்கும். இலை தன் காயத்தை மூடிய தடம் அது. கடித்த புழு இன்னும் அந்தச் செடியில் இருக்கலாம். பக்கத்து இலைகளின் அடிப்பக்கத்தை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.