அஹி கா: போனவர்களும் இருப்பவர்களும்

நியூசிலாந்தின் வட தீவில், ரொட்டொருவாவுக்குத் தென்கிழக்கே, கைங்காரோவா மரக்காட்டை ஒட்டி முருபாரா என்றொரு சிற்றூர். மரத்தொழிலை நம்பி 1950களில் வளர்ந்த ஊர். 1987இல் அரசு வனத்துறை கலைக்கப்பட்டதும் வேலை போயிற்று, பின்னாலேயே ஆட்களும் போனார்கள். இன்றும் அங்கே ஒன்றாகப் பள்ளிக்குப் போய், ரங்கிடைக்கி ஆற்றில் ஒன்றாகக் குதித்து வளரும் மாவோரிப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பதினேழு, பதினெட்டு வயதில் ஒரே கேள்விதான்: போவதா, இருப்பதா? இருந்துவிடுகிறவர்களுக்கு அவர்கள் மொழியில் ஒரு பெயர் உண்டு. அஹி கா.

அஹி என்றால் தீ. கா என்றால் எரிதல். மலேசியாவில் ரயிலைக் ‘கெரெத்தா ஆப்பி’ என்பார்களே, அந்த ஆப்பியும் இந்த அஹியும் ஒரு வேர்ச்சொல்லின் பிள்ளைகள். பசிபிக் தீவான சமோவாவில் அது அஃபி. பகரம் ஃபகரமாகி, அப்புறம் ஹகரமாகத் தேய்ந்திருக்கிறது. ‘கா’வை நெடிலாகவே சொல்ல வேண்டும், குறிலாக்கினால் அது வினைக்கு முன்னால் வரும் வெறும் இடைச்சொல்.

ஊர், வீடு என்று பொருள்படும் ‘காயிங்கா’வும் இந்தக் ‘கா’விலிருந்து வந்ததுதான், தீ எரியும் இடமே வீடு என்று பலர் விளக்குவார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் உடன்பிறப்புச் சொற்களுக்குச் சமோவாவில் குடும்பம், தொங்காவில் உறவினர் என்று பொருள். தீயின் வாடையே இல்லை. எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கை வரவில்லை. காட்டின் பெயரில் இருப்பதோ வேறு சொல், குறில் ‘க’ போட்ட கயிங்கா, அதாவது உண்ணுதல். ஹவுங்காரோவா என்ற மூதாதைப் பெண் அங்கே உட்கார்ந்து நெடுநேரம் சாப்பிட்டாளாம்!

அஹி கா முதலில் நில உரிமைச் சொல். பத்திரமும் பட்டாவும் இல்லாத காலத்தில், ஒரு நிலத்தில் உன் கூட்டத்தின் அடுப்பு தலைமுறை தலைமுறையாக எரிந்தால் அது உன் நிலம். கிளம்பிப் போனவர்களின் தீ ‘அஹி தெரெ’, நிலைகொள்ளாமல் அலையும் தீ. மூன்று தலைமுறை யாரும் திரும்பாவிட்டால் ‘அஹி மாத்தாஒத்தாஒ’, ஆறிப்போன தீ. அத்தோடு உரிமையும் போயிற்று. 1865 வாக்கில் ஆங்கிலேயர் அமைத்த நிலநீதிமன்றத்திலும், எங்கள் தீ எரிந்தது என்பது ஒரு வாதமாக நின்றது.

1945இல் மாவோரிகளில் நகரவாசிகள் சுமார் 26 விழுக்காடு. 1986இல் ஏறக்குறைய 80. இன்று ஆறில் ஒருவர் ஆஸ்திரேலியாவில். இப்படிப் பெரும்பாலோர் கிளம்பிவிட்ட பிறகு சொல்லும் மாறியது. உரிமையைக் குறித்தது, ஊரில் தங்கிய ஆட்களையும் குறிக்கலாயிற்று. மராயே என்னும் ஊர்ப்பொது மன்றத்தில் மூன்று நாள் துக்கம் நடந்தால் உருளைக்கிழங்கு உரிப்பது, குழி தோண்டி ஹாங்கி அடுப்பு போடுவது, வந்தவர்களுக்குப் பந்தி பரிமாறுவது எல்லாம் இவர்கள் பாடு. சமையற்கட்டில் நிற்பவருக்கு ‘ரிங்காவெரா’ என்றே பேர், சூடுபட்ட கை. பெர்த்திலிருந்து வரும் பால்ய நண்பன் புதுச் சட்டையோடு பந்தியில் உட்காருவான், இவன் பரிமாறுவான். ஊரில் இவன் வேலையில்லாதவன், ஆனால் மராயேயில் அஹி கா.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘அனுபவ பாத்தியதை’ பத்திர எழுத்தர் சொல். உரிமை இருக்கிறது, நெருப்பு இல்லை. ‘காணியாட்சி’ பரம்பரையைச் சொல்லும், தங்கியிருப்பதைச் சொல்லாது. ‘அணையா அடுப்பு’ என்றதுமே நமக்கு வடலூர் சத்திய தருமசாலைதான், அது பசித்தவருக்கானது. ‘தீக்காப்போர்’ என்றால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். உரிமைக்கு ‘அடுப்பெரி உரிமை’ என்றும், ஆட்களுக்கு ‘ஊரடுப்பு காப்போர்’ என்றும் வைக்கலாம் என்பது என் கட்சி. அஹி தெரெவுக்கு ‘அலைதீ’. மூன்றாவதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. ‘ஆறின அடுப்பு’ நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.