வாய்க்கு ஒரு வேகம், கூந்தலுக்கு ஒரு வேகம்

காதல் பாட்டில் கூந்தல் மெதுவாகப் பறக்கிறது, துப்பட்டா மிதக்கிறது, மழைத்துளிகூட அவசரப்படாமல் இறங்குகிறது. பாடுகிறவரின் வாய் மட்டும் பாட்டோடு பிசகாமல் ஒத்துப்போகிறது. இது எப்படி, கிராபிக்ஸா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கூடவே, மெலடிக்கு இவ்வளவு பழகிப்போன இந்த உத்தி வேகமான ராப் வீடியோக்களில் ஏன் அரிதாக இருக்கிறது என்றும் கேட்டிருந்தார். இரண்டாவது கேள்விதான் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரு இசை வகைக்கு ஒரு தோற்றம் அமைவதை ரசனை, ஃபேஷன் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அதற்கு அடியில் இயற்பியலும் நம் நாக்கின் தசையும் வேலை செய்கின்றன.

ஸ்லோமோஷனின் அடிப்படை தெரிந்ததுதான். சினிமா கேமரா வழக்கமாக நொடிக்கு 24 ஃப்ரேம் எடுக்கும், திரையிலும் 24 ஓடும். 48 ஃப்ரேம் எடுத்து 24-இல் ஓட்டினால் ஒரு நொடி இரண்டு நொடியாக நீளும். அப்படி நீட்டினால் வாயசைவும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடுமே? அதற்குப் படப்பிடிப்புத் தளத்தில் செய்கிற வேலை எளிமையானது: பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்க விடுவார்கள். நான்கு நிமிடப் பாட்டு இரண்டே நிமிடத்தில் ஓடி முடியும். நடிகர் அந்த வேகத்துக்கு வாயசைப்பார். 120 நொடிக்கு, நொடிக்கு 48 வீதம் 5760 ஃப்ரேம். அதை 24 வீதம் ஓட்டினால் 240 நொடி. முழுப் பாட்டின் நீளம் அப்படியே கிடைத்துவிடுகிறது. அதன்மேல் உண்மையான பாட்டை ஒட்டினால் உதடுகள் இயல்பு வேகத்தில் பாடும், உடம்பும் உடையும் காற்றும் பாதி வேகத்தில் நகரும்.

இந்தியப் படப்பிடிப்புகளில் பல காலம் பாட்டை ஒலிக்க விட்டது நாக்ரா டேப் ரெக்கார்டர். அதில் நொடிக்கு 7.5 அங்குலம், 15 அங்குலம் என்று நாடா ஓடும் வேகங்கள் இருந்தன. 7.5-இல் பதிந்ததை 15-இல் ஓட்டினால் கணக்கு முடிந்தது. நாடா இரட்டை வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு ஒலியின் அதிர்வெண்ணும் இரட்டிக்கும், குரல் ஒரு ஸ்தாயி மேலே ஏறிக் கீச்சென்று கேட்கும். உருகி உருகி நடிக்க வேண்டிய காட்சியைப் பல நடிகர்கள் இந்தக் கீச்சுக் குரலைக் கேட்டுக்கொண்டே நடித்திருக்கிறார்கள். இன்று மென்பொருள் சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் கூட்டித் தருகிறது. அதற்கு வழி திறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்று, 1966-இல் பெல் ஆய்வகத்தில் ஃபிளானகனும் கோல்டனும் விவரித்த ஃபேஸ் வோகோடர். தொலைபேசிக் கம்பிகளில் பேச்சைச் சிக்கனமாக அனுப்புவதற்காகச் செய்த ஆராய்ச்சி அது.

இந்த உத்தி முழு வீடியோவையும் தாங்கி நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் கோல்ட்ப்ளே குழுவின் ‘யெல்லோ’ பாட்டைப் பாருங்கள். 2000-இல் இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில், ஸ்டட்லண்ட் விரிகுடாவில் எடுத்தது. ஜேம்ஸ் ஃப்ராஸ்ட், அலெக்ஸ் ஸ்மித் இருவரும் இயக்குநர்கள். மழையில் நனைந்தபடி குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் தனியாக நடந்து வருகிறார், வெட்டே இல்லாத ஒரே ஷாட். கேமரா நொடிக்கு 50 ஃப்ரேமில் ஓடியது. பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் கணக்கு நொடிக்கு 25 என்பதால் அதன் இரட்டிப்பு 50. பாட்டு ஏறக்குறைய நான்கரை நிமிடம், அவர் கடற்கரையில் நடந்ததோ இரண்டேகால் நிமிடம்தான். அவர் தலையைத் திருப்புவதையும் ஈரச் சட்டை அசைவதையும் கவனித்துவிட்டு உதட்டைப் பாருங்கள். ஒரே உடம்பில் இரண்டு கடிகாரங்கள் ஓடுவது தெரியும். முகத்துக்குள்ளேயே அந்தப் பிளவு உண்டு: உதடு இயல்பு வேகம், இமை பாதி வேகம். சாதாரணக் கண் சிமிட்டல் அரைத்தூக்கத்தில் இருப்பவரின் சிமிட்டல் போல நீளும். பாடுகிறவர் ஏதோ மயக்கத்தில் இருப்பதாக நமக்குத் தோன்ற இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். காலத்தை இரண்டு மடங்கு நீட்டினால் திரைக்குள் புவியீர்ப்பு எவ்வளவு குறையும்? பாதி என்று பலர் சொல்வார்கள். கால் பங்காகிவிடும் என்பதே சரியான விடை. முடுக்கத்தின் அலகு மீட்டர்/நொடி², அதாவது நேரம் அங்கே இரண்டு முறை வருகிறது. நேரம் 2 மடங்கானால் முடுக்கம் 4-ஆல் வகுபடும். பூமியில் 9.8 இருப்பது திரையில் 2.45 ஆகிறது. நிலவில் ஈர்ப்பு 1.6, செவ்வாயில் 3.7. ஆக, 48 ஃப்ரேமில் எடுத்த காதல் பாட்டு நிலவுக்கும் செவ்வாய்க்கும் இடைப்பட்ட ஓர் உலகத்தில் நடக்கிறது. துல்லியமாக நிலவுக்கே போக வேண்டுமென்றால் பூமியின் ஈர்ப்பை ஆறால் வகுக்க வேண்டும், அதற்கு ஆறின் வர்க்கமூலமான 2.45 மடங்கு வேகம் தேவை. நொடிக்குச் சுமார் 59 ஃப்ரேம். நாயகி 59 ஃப்ரேமில் ஒரு குதி குதித்தால் அது நிலவில் குதித்த குதிதான்.

உடை, நகைத் தேர்வும் இங்கேதான் வந்து சேர்கிறது. ஈர்ப்பு குறைந்ததை எது காட்டிக் கொடுக்கும்? தொங்குவது, மிதப்பது, தெறிப்பது. அதனால்தான் மெலடிகளில் ஷிஃபான் புடவை, விரித்த கூந்தல், ஜிமிக்கி, தண்ணீர். 4 செ.மீ. தொங்கும் ஜிமிக்கியை எளிய ஊசல் என்று எடுத்துக்கொண்டால் ஒரு முறை ஆடி வர 0.4 நொடி ஆகும். திரையில் அது 0.8 நொடி. பூமியில் 0.8 நொடிக்கு ஒருமுறை ஆட வேண்டுமானால் அந்த ஜிமிக்கி 16 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். காதில் தொங்கும் சின்னப் பொருள் கனத்த பெரிய ஊசலின் நிதானத்தோடு ஆடுவதைக் கண் பார்க்கிறது, காரணம் தெரியாமலே சொக்குகிறது. இறுக்கமான ஜீன்ஸும் படிய வாரிய தலையுமாக ஒருவரை நிற்க வைத்து 48 ஃப்ரேமில் எடுத்தால் பாதி வித்தை வீணாகிவிடும். அவருடைய உடம்பில் ஆடுவதற்கு ஒன்றுமில்லை.

ராப் பற்றிய கேள்விக்கு விடை நாக்கில் இருக்கிறது. பேச்சுச் சிகிச்சையாளர்கள் ஒரு சோதனை வைப்பார்கள்: ‘ப, ப, ப’ என்று முடிந்தவரை வேகமாகச் சொல்லச் சொல்வார்கள். ஆரோக்கியமான பெரியவர்கள் நொடிக்கு 6 அல்லது 7 முறை சொல்வார்கள். நாம் சாதாரணமாகப் பேசும்போது நொடிக்கு 4, 5 அசைகள். உருகும் மெலடி ஒன்றில் நொடிக்கு 2 அசை என்று வையுங்கள். இரட்டை வேகத்தில் 4, பேச்சு வேகம்தான், யாருக்கும் முடியும். வேகமான ராப் நொடிக்கு 8 அசையைத் தொடும். அதை இரட்டித்தால் 16. மனித உதடும் தாடையும் அந்த வேகத்தில் திறந்து மூட முடியாது. அவற்றின் நிறையும் தசையின் சுருங்கும் வேகமும் விதிக்கிற எல்லை அது. மெதுவான உலகம் மெதுவான பாட்டுக்கு மட்டுமே கைகூடியதற்கு, ரசனைக்கு முன்பே உடற்கூறு ஒரு கோடு கிழித்துவிட்டது.

எல்லைக்குள் இருக்கும்போதும் சிக்கல் உண்டு. வேகமாக வாயசைக்கையில் தாடை முழுதாகத் திறக்காது, ‘ஆ’ என்பது பாதி ‘ஆ’வாக நின்றுவிடும். அதனால் வாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து பாட வேண்டியிருக்கும். உதடு மூடும் ‘ப’வும் ‘ம’வும் தப்பினால் பார்வையாளர் உடனே கண்டுபிடிப்பார். ‘ழ’வும் ‘ள’வும் வாய்க்குள்ளே நடப்பதால் எளிதில் தப்பித்துவிடும். ஒளி-ஒலி பொருத்தத்தில் மூளை எவ்வளவு கறார் என்பதற்கு ஒளிபரப்புத் துறையில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே நமக்கு உறுத்தும், பிந்தினால் 125 மில்லிநொடி வரை பொறுத்துக்கொள்வோம். ஏன் இந்த ஓரவஞ்சனை? இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பிந்தித்தான் வருகிறது. 34 மீட்டர் தள்ளி ஆற்றங்கரையில் துணி துவைப்பவரின் அடி நம் காதுக்கு வர 100 மில்லிநொடி ஆகும். முந்தி வரும் ஒலியை நம் மூதாதையர் யாரும் கேட்டதில்லை. 24 ஃப்ரேம் கணக்கில் ஒரு ஃப்ரேம் கிட்டத்தட்ட 42 மில்லிநொடி. எடிட்டர்கள் ஒரே ஒரு ஃப்ரேமுக்காக மல்லுக்கட்டுவதில் நியாயம் இருக்கிறது.

வேகப் பாட்டுகளுக்கு இதே உத்தியைத் தலைகீழாகத் திருப்பலாம். பாட்டை மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஓட விட்டு, கேமராவை 16 ஃப்ரேமில் ஓட்டினால், நொடிக்கு 6 அசை பாடியவர் திரையில் 9 அசை பொழிவார். திரைக்குள் ஈர்ப்பு 2.25 மடங்கு, ஏறக்குறைய வியாழன் கோளின் அளவு. கையசைவுகள் வெடுக் வெடுக்கென்று விழும். மெட்டல் இசைக்காரர்கள் வேகத்தைத் தொடாமல் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளி வாங்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் கதவை, தொடுவார்கள். வழக்கமான 180 பாகை ஷட்டரில் (சுழலும் வட்டில் பாதி திறப்பு) ஒரு ஃப்ரேம் 1/48 நொடி ஒளி வாங்கும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இறங்கும் டிரம் குச்சியின் முனை அதற்குள் 20 செ.மீ. நகர்ந்து கலங்கிப்போகும். 45 பாகைக்குக் குறைத்தால் 1/192 நொடி, கலங்கல் 5 செ.மீ.தான். ஒவ்வொரு ஃப்ரேமும் கத்தி போலக் கூர்மையாக, அடுத்ததோடு ஒட்டாமல் நிற்கும். அந்தத் துள்ளல்தான் நமக்கு ஆவேசமாகப் படுகிறது. கன்ட்ரி இசை வீடியோக்களின் மாலை வெயில் மஞ்சள் பள்ளியில் படித்த ஒளிச்சிதறல். கே-பாப்பில் உச்சந்தலை முதல் பாதம் வரை தெரியும் ஷாட்டுகள் அதிகம். நடனமே அங்கே பாதிப் பாட்டு, காலை வெட்டினால் நடனம் போய்விடும்.

ஹிப்-ஹாப்பை இப்படி ஒரு வரியில் கடக்க மனம் வரவில்லை. 1997-இல் ராப் பாடகி மிஸ்ஸி எலியட்டின் ‘த ரெய்ன்’ பாட்டுக்கு இயக்குநர் ஹைப் வில்லியம்ஸ், மிக அகன்ற காட்சியை வளைத்து அடக்கும் ஃபிஷ் ஐ லென்ஸைப் பயன்படுத்தினார். ஜூன் ஆம்ப்ரோஸ் வடிவமைத்த, காற்றடைத்து உப்பிய பளபளப்பான கறுப்பு உடையில் எலியட் லென்ஸுக்கு மிக அருகில் நின்று பாடினார். அருகில் நிற்பதில்தான் விஷயம். முகம் கேமராவிலிருந்து 90 செ.மீ., நீட்டிய கை 30 செ.மீ. என்றால் கை முகத்தைவிட மூன்று மடங்கு பெரிதாக்கப்பட்டுத் தெரியும். அதே ஆளை 3 மீட்டர் தள்ளி நிறுத்தினால் அந்த மடங்கு 1.25-தான். பக்கத்தில் வருகிற எதையும் பூதாகரமாக்கும் லென்ஸுக்கு முன்னால், தானே உருண்டு திரண்ட ஓர் உடை. அதன் வளைவுகள் விளக்கொளியை எல்லாப் பக்கமும் வாரி இறைக்கின்றன. லென்ஸும் உடையும் ஒரே வாக்கியத்தைப் பேசுகின்றன: இந்த இடம் முழுக்க என்னுடையது.

இந்த லென்ஸின் பூர்வீகத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1920-களில் கேம்பிரிட்ஜில் ராபின் ஹில் என்ற உயிர்வேதியியலாளர், வானம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கி மேகங்களைப் பதிவதற்காக ஒரு லென்ஸை வடிவமைத்தார். 1924-இல் அதைப் பற்றி வானிலை ஆய்வு இதழில் எழுதினார். தாவரவியல் படித்தவர்களுக்கு இவரைத் தெரியும்; ஒளிச்சேர்க்கையில் வரும் ‘ஹில் வினை’ இதே ஹில்தான். மேகம் பார்க்கச் செய்த கண்ணாடி ஒரு தலைமுறை இசையின் முகமாக மாறும் என்று அன்று எந்த நிதிக் குழுவும் கணித்திருக்க முடியாது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் உடனடிப் பயன் என்ன என்று ஒரு கட்டத்தை வைத்து, அதை நிரப்பத் தெரிந்தவருக்கே பணம் கொடுப்பது எவ்வளவு குறுகிய பார்வை! தொலைபேசிக்குச் செய்த வோகோடரும் மேகத்துக்குச் செய்த லென்ஸும் இன்று பாட்டுக்குப் பயன்படுகின்றன. ஆர்வத்தால் கேட்கப்படும் கேள்விகளுக்கென்றே ஒரு பங்கு பணத்தை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேட்ட வாசகர் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கைபேசியில் பாட்டை 2 மடங்கு வேகத்தில் ஓட விடுங்கள். இன்னொன்றில் 60 ஃப்ரேம் வீடியோ எடுத்து, எடிட்டிங் செயலியில் பாதி வேகமாக்கி, 30 ஃப்ரேமில் வெளியெடுங்கள். மெதுவான பாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள், தோளில் ஒரு துப்பட்டா இருக்கட்டும். பகல் வெளிச்சத்தில் எடுத்தால் நல்லது: ஃப்ரேம் இரட்டித்ததால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி பாதியாகிவிடும். இரவில் பழைய டியூப் லைட்டின் கீழே எடுத்தால் படம் துடிக்கலாம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, ஒவ்வொரு சுழற்சியிலும் விளக்கு இரண்டு முறை மங்கி எழும், ஆக நொடிக்கு 100 துடிப்பு. கேமரா செயலியில் ஷட்டரை 1/100 என்று நிலைநிறுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக ஒரு துடிப்பை வாங்கும், துடிப்பு மறைந்துவிடும்.