சொட்டு மருந்து இமையை நிமிர்த்தாது

கண் கோளாறோடு கிளினிக்குக்கு வரும் நாய்களில் பலவற்றுக்கு மருந்துக்கடைச் சொட்டு ஏற்கெனவே விழுந்திருக்கும். சிலர் நந்தியாவட்டைப் பூச்சாறும் பிழிந்து பார்த்திருப்பார்கள். "தூசிதான் டாக்டரே, ஆரல்வாய்மொழிக் காத்து அப்படி" என்பார்கள். ஆடிக் காற்றைக் குறை சொல்வதில் தப்பில்லை. ஆனால் தூசி பட்ட கண் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். வாரக்கணக்கில் நீர் வடிந்து, வெயிலைக் கண்டால் கண்ணைச் சுருக்கி, முன்னங்காலால் தேய்த்துக்கொண்டே இருந்தால் இமையைப் பார்க்க வேண்டும்.

இமை விளிம்பு உள்பக்கமாக மடிந்தால் அதிலுள்ள முடி கருவிழியை உரசும். லாப்ரடார், ராட்வைலர், பக், புல்டாக், ஷார்பே போன்ற இனங்களில் இது பிறவிக் கோளாறாக வருகிறது. பூனைகளில் பெர்சியனுக்கு அதிகம். நாட்டுப் பூனைக்கும், நாள்பட்ட கண்வலி இருந்தால் வரலாம். உரசலால் கருவிழியில் புண் விழும். வலி தாங்காமல் கண்ணை இறுக்க, இமை இன்னும் உள்ளே மடியும். அதனால் முதலில் மரக்கச் செய்யும் சொட்டு விட்டுப் பார்ப்போம். வலி அடங்கிய பிறகும் எவ்வளவு மடிப்பு மிஞ்சுகிறதோ, அதற்குத்தான் அறுவை.

விளிம்பை ஒட்டிப் பிறை வடிவில் கொஞ்சம் தோலை எடுத்துவிட்டுத் தைப்போம். கேட்க எளிது, கணக்கெல்லாம் மில்லிமீட்டரில். கூடுதலாக எடுத்தால் இமை வெளியே பிதுங்கிவிடும். குட்டிகளுக்கு உடனே கத்தி வைப்பதில்லை. முகம் வளர வளர மடிப்பு மாறும் என்பதால் தற்காலிகத் தையல் போட்டு இமையை வெளியே இழுத்து நிறுத்திவிட்டுக் காத்திருப்போம்.

இனி செர்ரி ஐ. கண்ணின் மூக்கோரத்தில் திடீரென்று சிவப்பாக ஓர் உருண்டை எழும்பும். பெரும்பாலும் 2 வயதுக்குள், பீகிள், புல்டாக், காக்கர் ஸ்பானியல் வகைகளில். "அந்தச் சதையை வெட்டி எறிஞ்சிடுங்க" என்று கேட்பவர்கள் நிறைய. வெட்டவே கூடாது. அது கட்டியல்ல. நாய்க்குக் கண்ணின் மூக்கோரத்தில் மறைந்திருக்கும் மூன்றாம் இமை ஒன்று உண்டு; அதன் கண்ணீர்ச் சுரப்பிதான் இடம் நழுவி வெளியே வந்திருக்கிறது. கண்ணீரில் கணிசமான பங்கு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அந்தச் சுரப்பியிலிருந்து வருகிறது. அதை எடுத்துவிட்டால் சில ஆண்டு கழித்துக் கண் வறண்டு, பீளை கட்டி, ஆயுள் முழுக்க மருந்து விட வேண்டி வரலாம். ஐந்து நிமிடத்தில் வெட்டி அனுப்புவது மலிவு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த மூன்றாம் இமையின் உட்பக்கம் சிறு பை போல் அமைத்துச் சுரப்பியை உள்ளே வைத்துத் தைப்பதுதான் சரியான வைத்தியம். அதன் பிறகும் சிலவற்றுக்குத் திரும்ப வெளியே வரும். அப்போது மறுபடி தைக்கலாம்.

நான் அதிகம் பயப்படுவது ஸ்டீராய்டு சொட்டுக்கு. வீட்டில் யாருக்கோ வாங்கி மிஞ்சிய பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று எழுதியிருந்தால் நாய்க்கும் பூனைக்கும் நீங்களாக விடாதீர்கள். சிவப்பு குறைவது போலத் தெரியும்; அடியில் புண் ஆழமாகிக் கருவிழி ஓட்டையாகலாம். பச்சையாக ஒளிரும் சாயம் விட்டுப் புண் இல்லை என்று உறுதிசெய்த பிறகே நாங்களே அதைத் தொடுவோம்.

நாய்ச்சண்டையில் இமை கிழிந்தால், தொங்கும் துண்டைக் கத்தரித்துவிடாதீர்கள். சுத்தமான துணியை நனைத்து மூடி அன்றைக்கே கொண்டு வாருங்கள். இமைக்கு ரத்த ஓட்டம் நல்லது, சேர்த்துத் தைத்தால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். வயதான நாயின் இமை விளிம்பில் வரும் மரு பெரும்பாலும் சாதுவானதுதான். ஆனால் சிறியதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் இமை வடிவம் கெடாது. வெள்ளைப் பூனையின் இமையில் ஆறாத பொருக்கு மட்டும் வேறு கதை. அது புற்றுநோயாக இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

அறுவைக்குப் பின் கழுத்துக் கூம்பைத் தையல் பிரிக்கும் வரை, 10 முதல் 14 நாள், கழற்றவே வேண்டாம். "பாவம், சாப்பிடும்போது மட்டும்" என்று கழற்றுகிற அந்த நேரம் போதும், ஒரே தேய்ப்பில் தையல் பிரிந்துவிடும். உயரமான கிண்ணத்தில் வைத்துக் கொடுங்கள், கூம்போடேயே சாப்பிடும். பக்கத்து டாக்டரிடம் கண் அறுவை வசதி இல்லையென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டலாம். இமை மடிப்புக்கு அறுவை செய்த நாயை மட்டும் இனச்சேர்க்கைக்கு விடாதீர்கள். குட்டிகளுக்கும் அதே கோளாறு வரலாம்.