வெலிங்டனுக்கு மாற்றலாகி வரும் ராணுவ மனைவியருக்கு: மூன்றாவது மாதத்தைக் கவனியுங்கள்

மாற்றல் ஆர்டர் வந்ததும் ராணுவக் குடும்பத்தில் முதலில் வெளியே வருவது கறுப்புப் பெயின்ட் அடித்த பெட்டிகள்தான். மேலே வெள்ளை எழுத்தில் பெயர், ரேங்க், போகிற ஊர். ஜோத்பூரின் மேல் கறுப்பு பூசி, நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் வெலிங்டனின் பெயரை எழுதியிருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடியில் பழைய ஊர் மேடாகத் தெரியும். பெட்டி கட்டுவதில் ராணுவ மனைவியருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மனநல ஆலோசனைக்கு அவர்கள் வருவது பெரும்பாலும் வந்து சேர்ந்த மூன்றாவது மாதத்தில்.

முதல் மாதம் வீடு, இரண்டாவது மாதம் பள்ளிக்கூடம் என்று ஓடிவிடும். அப்புறம்தான் வேலை ஓய்கிறது. கணவர் யூனிட்டுக்கோ பயிற்சிக்கோ போய்விடுவார், பிள்ளைகளுக்கு நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள், பகல் முழுக்க வீட்டில் மனைவி மட்டும். வெலிங்டனில் ராணுவ அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜில் படிப்பு ஜூனில் தொடங்குகிறது. அப்போது வருகிறவருக்கு மூன்றாவது மாதம் ஆகஸ்ட்; மலையில் சாரலும் மூடுபனியும். துணி காயாது, வெளியே நடக்க முடியாது. தூக்கம் கெடுவது, காரணமில்லாத அழுகை, சமைக்கவே பிடிக்காமல் போவது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது என நாளின் பெரும்பகுதி இப்படியே இரண்டு வாரம் நீடித்தால், ‘புது ஊர், பழகிடும்’ என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர்களிடம் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. மாத்திரை பெட்டியோடு லாரியில் போய்விடும், அல்லது பழைய ஊரில் வாங்கியது தீர்ந்து, ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று விட்டுவிடுவார்கள். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். அதை மலை ஏறியதால் வந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு மாத மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில் வரட்டும். தைராய்டு, சர்க்கரை மாத்திரைக்கும் இதே கணக்குதான்.

கர்ப்பிணியாக வருகிறவர்கள் வந்த வாரமே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரிடம் பெயரைப் பதிந்து பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் பிறப்பைப் பதியும்போது அதைக் கேட்பார்கள். வடக்கே ஏழு மாதம் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு இது தெரிந்திருப்பதில்லை.

குவார்ட்டர்ஸ் கிடைத்ததும், குடியேறும்போது வீட்டில் இருப்பதைக் குறிக்கும் மார்ச் இன் பட்டியலில் அவசரமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் போகும்போது கணக்குப் பார்ப்பார்கள். முந்தைய குடும்பம் உடைத்த வாஷ்பேசினுக்கு உங்கள் கணவரின் சம்பளத்தில் பிடித்தம் வருவது இப்படித்தான். கீசரைப் போட்டுத் தண்ணீர் சுடுகிறதா பாருங்கள். குழாய், ஜன்னல் கண்ணாடி, தாழ்ப்பாள், ஸ்விட்ச் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, கோளாறைப் பட்டியலிலேயே எழுதி, தேதி தெரியும்படி படம் எடுத்துவையுங்கள். சுவரில் ஈரக்கறை இருந்தால் குவார்ட்டர்ஸைப் பராமரிக்கும் எம்.இ.எஸ். (ராணுவப் பொறியியல் பிரிவு) புகார்ப் புத்தகத்தில் அன்றே எழுதுங்கள். பெட்டிகளை இரண்டு செங்கல் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பட்டுப்புடவையும் தோல் செருப்பும் பூஞ்சை பிடிப்பது, பெட்டியைத் திறக்காமல் விட்ட முதல் மழையில்தான்.

சமையலறை சின்ன விஷயம், ஆனால் புதுசாக வந்தவரின் தன்னம்பிக்கையை அதுதான் முதலில் பதம் பார்க்கும். ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் முயலாதீர்கள். விசில் ஒன்றிரண்டு கூடுதலாக விடுங்கள். இட்லி மாவு ராத்திரிக்குள் பொங்காது. பழைய கம்பளி சுற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்து, மறுநாள் மதியம் வரை பொறுத்திருங்கள். கைப்பக்குவமே போய்விட்டதாக நினைத்து அழுதவர்களும் உண்டு.

காகிதங்களில் முக்கியமானது பார்ட் டூ ஆர்டர், அதாவது குடும்ப விவரங்களைக் கணவரின் பணிப் பதிவேட்டில் ஏற்றும் உத்தரவு. கல்யாணமும் குழந்தை பிறந்ததும் கணவரின் யூனிட் வழியாக அதில் வெளியாகியிருக்க வேண்டும். வெளியாகாவிட்டால் ஆவணத்தில் நீங்கள் இல்லை: சார்ந்தோர் அட்டை, மருத்துவம், நாளைக்குக் குடும்ப ஓய்வூதியம் எல்லாம் அங்கேயே முட்டும். பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்துகிறதா என்று நகலை வாங்கிப் பாருங்கள். ‘அவர் பார்த்துக்குவார்’ என்று விட்டவர்கள்தான் பின்னால் அலைகிறார்கள். கேஸ் இணைப்பு வேறு ஊருக்குப் போகிறதென்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, டிரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்கிக்கொள்ள வேண்டும். சிலிண்டரைப் பெட்டியோடு ஏற்றக் கூடாது.

பிள்ளைகள் கேந்திரிய வித்யாலயாவில் படித்தால் டி.சி.யும் மாற்றல் ஆர்டரும் கையில் இருப்பது போதும், பெரிய சிக்கல் வராது. கவனம் வேண்டியது 9, 11-ஆம் வகுப்புகளில். அங்கே சி.பி.எஸ்.இ. பதிவு முடிந்துவிடுவதால் அடுத்த வருடம் பள்ளி மாற்ற போர்டின் அனுமதி வேண்டும். இதனால்தான் பல குடும்பங்கள் கணவரைத் தனியே அனுப்பிவிட்டு ஒரே ஊரில் தங்குகின்றன. அப்படித் தங்குகிறவருக்கு மூன்றாவது மாதத்துச் சோர்வு இரண்டு வருடம் நீளலாம். முடிவு எடுக்கும்போது மார்க்கை மட்டும் பார்க்காமல், அந்த வீட்டில் ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்படிக் கூப்பிட ஆள் என்றால், முதல் இரண்டு வாரத்தில் இரண்டு பேர் போதும். ஒருவர் பக்கத்து வீட்டு பாபி (இந்தியில் அண்ணி), மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இன்னொருவர் ராணுவத்தோடு சம்பந்தமே இல்லாதவர்: குன்னூர் மார்க்கெட்டில் வழக்கமாகக் காய் வாங்கும் கடைக்காரம்மாவாகக்கூட இருக்கலாம். ராணுவ மனைவியர் கூடும் வெல்ஃபேர் கூட்டத்தில் கணவரின் ரேங்க்கும் கூடவே வந்து உட்காரும்; மனம் விட்டுப் பேச அது எப்போதும் தோதான இடமல்ல.

ஆலோசனைக்கு வரத் தயங்குவதற்கு நிறையப் பேர் சொல்லும் காரணம், ‘அவரு ஏ.சி.ஆருல ஏதாவது வந்துடுமோ’ என்பது. ஏ.சி.ஆர். என்ற ஆண்டு ரகசிய அறிக்கை கணவருடைய வேலையை மதிப்பிடுவது. மனைவி மருத்துவரைப் பார்த்தது அதில் எழுதப்படுவதில்லை. யூனிட் பக்கமே போக வேண்டாம் என்று தோன்றினால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். கணவர் எக்ஸர்சைஸில் (போர்ப் பயிற்சியில்) வெளியூரில் இருக்கும் நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.